மாமா கடை டோனரும் 'டூப்ளிகேட்' என்ற கெட்ட வார்த்தையும்

போன மாதம் வகுப்பில் ஒரு செமினார். தலைப்பு, வணிகக்குறிச் சட்டம். நம்ம நண்பன் ஒருத்தன் (பேரைச் சொன்னால் ஹாஸ்டலில் அடி விழும்) மேடையேறி, "கிரே மார்க்கெட் சரக்கும் திருட்டு விசிடியும் ஒண்ணுதான். ரெண்டுமே கம்பெனிக்காரன் வயித்துல அடிக்கிற வேலை" என்று முடித்தான். கைதட்டல் பலமாக இருந்தது. பேராசிரியரும் தலையாட்டினார். எனக்கு என்னவோ உறுத்தியது, ஆனால் வாயில் ஒன்றும் வரவில்லை. எனக்கு எப்பவுமே பதில் மறுநாள் பல் துலக்கும்போதுதான் வரும். இந்த முறை இன்னும் லேட். லீவுக்கு ஊருக்கு வந்து, மாமா கடையில் நாலு நாள் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. ஆகவே மக்களே, இந்தப் பதிவு அந்த நண்பனுக்குச் சமர்ப்பணம் :-)

மாமா கடை கள்ளக்குறிச்சியில், தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில். போர்டில் "ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், லேமினேஷன்" என்று இருக்கும். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதிலிருந்து அந்த ரோட்டில் கூட்டம் அதிகம். "எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு ஜெராக்ஸ்?" என்று கேட்பவர்கள், அரசு அலுவலகம் பக்கம் போய் ரொம்ப நாளானவர்கள். ஆன்லைனில் போட்ட மனுவையும் பிரிண்ட் எடுத்து, அதற்கு ரெண்டு நகல் எடுத்து, கையில் வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கிறது.

ஜூன் மாதம் வந்தால் கல்வராயன் மலையிலிருந்து ஜனங்கள் இறங்குவார்கள். பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் (கேரளா மலையாளி இல்லை, நம்ம ஊர் மலைக்காரர்கள்). வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்து கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து வருவார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, காலேஜ் அப்ளிகேஷன் என்று கையில் ஒரு மஞ்சள் பை. மதியத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும். பஸ்ஸை விட்டால் அடுத்ததுக்குச் சாயங்காலம் வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார வேண்டியதுதான்.

அப்படி ஒரு நாள்தான் சம்பவம். கடையில் ஏழெட்டுப் பேர். முன்னால் ஒரு அம்மாவும் பொண்ணும், காலேஜ் அப்ளிகேஷன் பிரிண்ட் எடுக்க. கடைசித் தேதி. பிரிண்டர் பேப்பரை இழுக்க மாட்டேன் என்கிறது. நல்ல வேளையாக அன்றைக்குத்தான் கம்பெனி சர்வீஸ் ஆள் (கம்பெனி பெயர் வேண்டாம்) வருடாந்திரப் பராமரிப்புக்கு வந்திருந்தார். மூடியைத் திறந்தார். டோனரை வெளியே எடுத்தார். பக்கத்தில் கிடந்த அதன் அட்டைப்பெட்டியைப் பார்த்தார். அதில் இங்கிலீஷோடு அரபு எழுத்தும் இருந்தது. அவ்வளவுதான். மூடியைச் சாத்திவிட்டு எழுந்துவிட்டார்.

"டூப்ளிகேட் டோனர் போட்டிருக்கீங்க சார். இனிமே இந்த மெஷினை நாங்க தொட மாட்டோம்."

இத்தனை பேர் முன்னால். மாமா பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருப்பவர். ஒரு ரூபாய் சில்லறை தரவில்லை என்றால் கூப்பிட்டுக் கொடுப்பவர். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் காகிதங்களை மஞ்சள் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, பொண்ணைக் கூட்டிக்கொண்டு வேறு கடைக்கு நடந்தார். அங்கே வரிசை. அப்ளிகேஷன் எப்படியோ போய்விட்டது, பஸ் போய்விட்டது.

பின்னால் வேறொரு மெக்கானிக் வந்து பார்த்ததில், பேப்பர் இழுக்கிற ரப்பர் ரோலர் தேய்ந்திருந்தது. டோனருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இப்போது விஷயத்துக்கு வருவோம்: அந்த டோனர் டூப்ளிகேட்டா?

இல்லை. அது அதே கம்பெனி, தன் சொந்தத் தொழிற்சாலையில் செய்து, தன் சொந்த முத்திரையைக் குத்தி, வளைகுடா நாட்டு விற்பனைக்காக அனுப்பிய டோனர். அங்கே ஒருவர் காசு கொடுத்து மொத்தமாக வாங்கி, கப்பலேற்றி, சுங்க வரி கட்டி இங்கே கொண்டுவந்தார். ரிச்சி தெருவில் ஒரு கடையில் மாமா அதை பில் போட்டு வாங்கினார். இதற்குப் பெயர் இணை இறக்குமதி. கம்பெனி நியமித்த டீலர் வழியாக வராமல் பக்கத்து வழியில் வந்த அசல் சரக்கு. பக்கத்து வழியில் வந்ததாலேயே அசல் போலியாகிவிடுமா?

'போலி' என்ற சொல்லை எங்கள் ஊரில் லேசாகப் பேசக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கொடுப்பது என்றால் என்ன ஆகும் என்று எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். போலி மருந்து, போலி பிரேக், போலி விதை, இதையெல்லாம் பிடிக்கத்தான் சட்டமும் சுங்கத்துறையும் வேண்டும். அந்தச் சொல்லைத் தூக்கி, விலை குறைவாக வந்த அசல் டோனர் மேல் ஒட்டுவது வாங்குகிறவனுக்குச் செய்யும் எச்சரிக்கை இல்லை. வியாபாரப் போட்டியாளன் மேல் பூசும் சேறு.

இதற்கு வழக்கே நடந்திருக்கிறது. அதுவும் அச்சு அசலாக இதே சரக்குக்கு!

டெல்லியில் சில வியாபாரிகள் சாம்சங் பிரிண்டர்களையும் மை, டோனர் கார்ட்ரிட்ஜ்களையும் வெளிநாட்டிலிருந்து இறக்கி, சாம்சங்கின் இந்திய விலையை விடக் குறைத்து விற்றார்கள். சாம்சங் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. கவனியுங்கள், சரக்கு போலி என்பது சாம்சங்கின் வாதமே இல்லை. அசல்தான், ஆனால் எங்கள் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் அது வணிகக்குறி மீறல் என்பதுதான் வாதம். 2012 பிப்ரவரி 17 அன்று தனி நீதிபதி மன்மோகன் சிங், சாம்சங் பக்கம் தீர்ப்பளித்தார். இறக்குமதிக்குத் தடை.

வியாபாரிகள் மேல்முறையீடு செய்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 3 அன்று நீதிபதிகள் பிரதீப் நந்த்ரஜோக், சித்தார்த் மிருதுல் அடங்கிய அமர்வு தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. 'கபில் வாத்வா எதிர் சாம்சங்' என்று சட்டக் கல்லூரி நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சண்டை முழுக்க ஒரு சொல்லில்தான். 1999-ஆம் வருட வணிகக்குறிச் சட்டத்தின் 30(3)-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால் (என் பாஷையில்): முத்திரைக்காரரே, அல்லது அவர் சம்மதத்தோடு வேறொருவர், சந்தையில் விட்ட சரக்கை நீ நியாயமாக வாங்கியிருந்தால், அதை நீ மறுபடி விற்பது மீறல் ஆகாது. சரி, எந்தச் சந்தை? இந்தியச் சந்தை மட்டும் என்றார் தனி நீதிபதி. உலகச் சந்தையும்தான் என்றது அமர்வு. இந்தியாவில் விட்டிருந்தால் மட்டும் என்று சட்டம் எழுதவில்லை. எழுதாததை நாமாக நுழைக்க வேண்டாம் என்பதுதான் சுருக்கம். உலகத்தின் எந்த மூலையில் முதல் விற்பனை நடந்தாலும், அந்தச் சரக்கின் மேல் முத்திரைக்காரருக்கு இருந்த விற்பனைக் கட்டுப்பாடு அத்தோடு தீர்ந்தது.

அதற்கு முன்பே, 2012 மே 8 அன்று, சுங்கத்துறையின் தலைமை வாரியமும் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. வணிகக்குறி விஷயத்தில் இணை இறக்குமதி இந்தச் சட்டப்படி செல்லும் என்று அதிலும் சொன்னார்கள். சாம்சங் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. ஆனாலும் அமர்வின் வழியைத்தான் டெல்லி உயர்நீதிமன்றம் பிற்பாடும் பின்பற்றியது. 2024 மே மாதம், பழைய சீகேட் ஹார்டு டிஸ்குகளை இறக்குமதி செய்து புதுப்பித்து விற்கும் வழக்கில்கூட, ஒரேயடியாகத் தடை போடாமல், 'பயன்படுத்திப் புதுப்பித்தது, மூலக் கம்பெனி வாரண்டி கிடையாது' என்று பெட்டியில் தெளிவாகப் போட்டு விற்றுக்கொள் என்றது.

ஆக நண்பா, திருட்டு விசிடி வேறு, இது வேறு. திருட்டு விசிடியில் படம் எடுத்தவனுக்கு ஒரு பைசா போகாது. மாமாவின் டோனரில் கம்பெனி கேட்ட விலை கம்பெனிக்குப் போய்விட்டது. துபாயிலோ எங்கேயோ, அவர்களே வைத்த விலைக்கு, அவர்களே விற்றார்கள்.

இந்த இடத்தில் கல்வராயன் மலைக்கு ஒரு நடை போய் வருவோம். இந்த மலையை 1976 வரை ஆண்டது அரசாங்கம் இல்லை, ஜாகிர்தார்கள். நாடு சுதந்திரம் வாங்கி இருபத்தொன்பது வருஷம் கழித்துத்தான் மலை அரசின் கைக்கு வந்தது. மூன்று ஜாகிர். எல்லைக்குள் இருப்பவன் அந்தந்த ஜாகிர்தாருக்கு வரி கொடுக்க வேண்டும், கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

உலக வரைபடத்தை விரித்து, இது இந்திய டீலருக்கு, இது வளைகுடா டீலருக்கு, இது சிங்கப்பூர் டீலருக்கு என்று கோடு போட்டு, இந்தக் கோட்டுக்குள் இருப்பவன் இந்த விலைக்கு இவனிடம்தான் வாங்க வேண்டும், கோட்டைத் தாண்டி வந்த சரக்கை சுங்க வாசலில் நிறுத்து என்று கேட்பதற்கும் ஜாகிருக்கும் என்ன வித்தியாசம்? ஜாகிர்தாருக்கு உரிமை மண் மேல் இருந்தது. இவர்கள் கேட்பது வாங்குகிறவன் மேல்.

நம்ம பக்கத்துச் சந்தையில் ஒருத்தர் மாட்டை விற்றுக் காசை எண்ணி மடியில் கட்டிக்கொண்ட பிறகு, "இந்த மாட்டை சேலத்துக்கு ஓட்டிப் போகக் கூடாது, சேலத்து வியாபாரம் என் மச்சானுக்கு விட்டிருக்கேன்" என்றால் சந்தையே சிரிக்கும். கோட் சூட் போட்டுக்கொண்டு சொன்னால் மட்டும் எப்படிச் சட்டமாகும்?

வணிக முத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கேயோ மெஷினில் வெட்டியதைக் கொண்டுவந்து 'கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்' என்று விற்றால், அதைத் தடுக்க வேண்டும், கேஸ் போட வேண்டும். ஏனென்றால் அது வாங்குகிறவனிடம் சொல்லும் பொய், உளி பிடிக்கிறவன் சோற்றில் விழும் மண். ஆனால் இங்கே விலை கொடுத்து வாங்கிய பிள்ளையாரை ஒருத்தர் சிங்கப்பூர் கொண்டுபோய் விற்றால், சிற்பி போய்க் குறுக்கே படுப்பாரா? முத்திரையின் வேலை 'இது யார் செய்தது' என்று உண்மை சொல்வது. அந்த டோனர் பெட்டி மேல் இருந்த முத்திரை உண்மையைத்தான் சொன்னது. பொய் சொன்னது சர்வீஸ் ஆள்.

(இன்னொரு வேடிக்கை. மாமா கடை போர்டில் இருக்கும் 'ஜெராக்ஸ்' என்பதே ஒரு கம்பெனியின் வணிகக்குறி! அது பொதுச்சொல் ஆகிவிட்டது, பதிவை நீக்கு என்று வந்த மனுவை 2012-இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் தள்ளிவிட்டது. சட்டப்படி தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு மீறல் இருக்கும். சின்ன ஊர் கடைகளில் பலதும் ஓடுவது வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷினில்தான். அதையும் தடுக்கக் கேட்டு ஜெராக்ஸ் கம்பெனி போன வழக்கில், முறையான ஆவணங்களோடு வந்தால், மெஷினைக் கெடுக்காமல் மாற்றாமல் இருந்தால், இறக்கலாம் என்று 2007-இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது.)

சரி, எதிர்த் தரப்பு வாதங்களையும் பார்ப்போம். செமினாரில் வந்தவை, ஹாஸ்டல் மெஸ்ஸில் வந்தவை எல்லாம் சேர்த்து.

முதல் வாதம்: விளம்பரம் செய்தது நாங்கள், ஷோரூம் வைத்தது நாங்கள், பலன் இறக்குமதிக்காரனுக்கா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனிக்கு எந்த நாட்டில் விற்றாலும் தன் லாபம் வருகிறது. அடி வாங்குவது இந்திய டீலரின் தனியுரிமை. டீலருக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம் அவர்கள் இருவருக்குள். அதில் கையெழுத்துப் போடாத மாமா ஏன் அதைக் காப்பாற்ற வேண்டும்?

இரண்டாவது: ஒவ்வொரு நாட்டுக்கும் சரக்கு வேறு வேறு. வோல்டேஜ் வேறு, தட்பவெப்பம் வேறு, சிப் வேறு.

சில பொருளுக்கு இது உண்மை. அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 30(4)-ஆம் பிரிவு: சரக்கின் நிலை மாறியோ கெட்டோ போயிருப்பது போன்ற நியாயமான காரணம் இருந்தால் முத்திரைக்காரர் எதிர்க்கலாம். எதிர்க்கட்டும். கோர்ட்டில் நிரூபிக்கட்டும். கடையில் பத்துப் பேர் முன்னால் 'டூப்ளிகேட்' என்று சொல்வதற்கு இந்தப் பிரிவில் இடமில்லை.

மூன்றாவது: உலகமே இதை அனுமதிக்கவில்லை, இந்தியா மட்டும் ஏன்?

உலகம் ஒரே பேச்சில் இல்லை. ஐரோப்பா கறார். ஆஸ்திரிய சில்லவுட் கம்பெனியின் பழைய மாடல் கண்ணாடி பிரேம்கள் பல்கேரியாவுக்கு விற்கப்பட்டு, ஆஸ்திரியாவுக்கே திரும்பி வந்த வழக்கில், ஐரோப்பாவுக்கு வெளியே நடந்த விற்பனையால் உரிமை தீராது என்று 1998-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிங்கப்பூர் சட்டமோ இணை இறக்குமதியைக் கதவு திறந்து விடுகிறது. அமெரிக்காவில், அதே டோனர் சமாச்சாரம், லெக்ஸ்மார்க் வழக்கில் 2017 மே மாதம், வெளிநாட்டில் விற்றாலும் அந்தக் கார்ட்ரிட்ஜ் மேல் கம்பெனியின் காப்புரிமை தீர்ந்தது என்றது உச்சநீதிமன்றம். உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமே 6-ஆம் பிரிவில், இதை அந்தந்த நாடு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. ஆகவே இது நாம் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

நான்காவது வாதம்தான் கஷ்டமானது. நம் கையில் இருக்கும் பாடப்புத்தகத்தின் அட்டையைப் பாருங்கள். 'இந்தியா மற்றும் அண்டை நாடுகளில் மட்டும் விற்பனைக்கு' என்று இருக்கும். வெளிநாட்டு விலையில் ஒரு பங்குக்கு நமக்குக் கிடைக்கிறது. தாய்லாந்து மாணவர் ஒருவர் அமெரிக்காவில் படிக்கும்போது, ஊரிலிருந்து மலிவுப் பதிப்புகளை வரவழைத்து அங்கே விற்றார். பதிப்பகம் வழக்குப் போட்டு, 6 லட்சம் டாலர் கட்டு என்று கீழ்க்கோர்ட்டில் வந்து, கடைசியில் 2013 மார்ச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 6-க்கு 3 என்று அவர் பக்கம் நின்றது. மலிவு நாட்டுச் சரக்கு இப்படிப் பணக்கார நாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தால், பதிப்பகம் மலிவுப் பதிப்பையே நிறுத்திவிடாதா? நமக்குத்தானே நஷ்டம்?

இந்தப் பயம் நியாயமானது. ஒத்துக்கொள்கிறேன். ஏழைக்குக் குறைத்துக் கொடுக்க ஒரு வேலி வேண்டும் என்றால் உட்கார்ந்து பேசலாம். ஆனால் டோனர் எந்தத் திசையில் பாய்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டில் வாங்கி, கப்பல் கூலி கொடுத்து, சுங்க வரி கட்டி, ஜிஎஸ்டி கட்டி, ரெண்டு கை லாபம் வைத்த பிறகும் இங்கே விலை குறைவு என்றால், நமக்குத்தான் விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேலி கள்ளக்குறிச்சிக்காரனைக் காப்பாற்றப் போட்டதில்லை. அவனிடம் கூடுதலாகக் கறக்கப் போட்டது.

சுங்க வாசலில் ஒரு சீட்டு கொடுத்து நிறுத்துவது எவ்வளவு சுலபம் என்பதற்கும் நம் மாநிலத்துக் கதை உண்டு. ரெண்டு சிம் போடும் செல்போனுக்கு 2008-இல் மதுரைக்காரர் ஒருவர் காப்புரிமை வாங்கினார். 2007-ஆம் வருட இறக்குமதி அமலாக்க விதிகளின்படி சுங்கத்துறையில் அதைப் பதிந்தார். 2009-இல் கம்பெனிகளின் ரெண்டு சிம் போன்கள் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டன. 2012-இல் அந்தக் காப்புரிமையே ரத்தானது. 2018-இல் விதியிலிருந்து காப்புரிமையை எடுத்தே விட்டார்கள். அன்றைக்குச் சின்ன ஆள் கையில் அந்தச் சீட்டு இருந்தபோது 'வியாபாரத்தை முடக்குகிறார்' என்று கத்தியவர்கள் பெரிய கம்பெனிகள்தான். சீட்டு தங்கள் கைக்கு வரும்போது மட்டும் அது புனிதமாகிவிடுகிறது.

இதுவரை ஒரு பக்கம் திட்டியாயிற்று. இனி என் பக்கத்து ஆட்களையும் திட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை.

2012 தீர்ப்பு வியாபாரிகளுக்கு வெறும் வெற்றி இல்லை. ஒரு நிபந்தனையும் போட்டது: இது வெளிநாட்டிலிருந்து இறக்கியது, இதற்குச் சாம்சங் வாரண்டியோ சர்வீஸோ தராது, அதை நாங்களே தருகிறோம் என்று கடையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதி வை. மாமாவுக்கு விற்ற கடையில் அப்படி ஏதாவது இருந்ததா? இல்லை. கடைக்காரர் வாயைத் திறந்து சொன்னாரா? "ஒரிஜினல் சார், கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க" என்பதோடு சரி. 'ஒரிஜினல்' என்பது உண்மை. பாதி உண்மை. மீதிப் பாதியை மாமா கடன் சொல்லி நின்ற ஜனங்கள் முன்னால் சர்வீஸ் ஆள் வாயால் தெரிந்துகொண்டார். அந்தப் பாதியை மறைத்தவர்தான் சர்வீஸ் ஆளின் பொய்க்கு இடம் கொடுத்தவர்.

இறக்குமதிப் பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, எந்த நாட்டுச் சரக்கு என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் வருட எடையளவு விதிகள் சொல்கின்றன. எந்த மொழியில்? இந்தி அல்லது ஆங்கிலம். வேறு மொழி விரும்பினால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். யார் விரும்பப் போகிறார்கள்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இறக்குமதி செய்பவரையும் விற்பனையாளராகச் சேர்த்துக்கொள்கிறது, அவரையும் பொறுப்பாக்கலாம். நல்லது. ஆனால் யார் இறக்கியது என்ற சீட்டே படிக்க முடியாத பொடி எழுத்தில் இருந்தால், கள்ளக்குறிச்சியிலிருந்து யாரைத் தேடிப் போவது?

அதனால் நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, இணை இறக்குமதிச் சரக்கை விற்கும் கடை ஒவ்வொன்றும், பெட்டியிலும் பில்லிலும், தமிழில், 'கம்பெனி வாரண்டி கிடையாது, எங்கள் வாரண்டி இத்தனை மாதம்' என்று எழுத வேண்டும். தமிழ்நாட்டில் விற்கிறாய், தமிழில் சொல்.

இரண்டு, அப்படி எழுதி விற்கும் சரக்கைக் கம்பெனி ஆட்கள் 'போலி', 'டூப்ளிகேட்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் அதுவும் பொய்யான வியாபாரப் பேச்சு என்று கேஸ் ஆக வேண்டும். எங்கள் சர்வீஸ் கிடையாது என்று சொல்லட்டும், அது அவர்கள் உரிமை. மானத்தை வாங்கக் கூடாது.

மூன்று, வரி ஏய்த்துக் கடத்தி வருவதையும் நிஜப் போலியையும் இதோடு போட்டுக் குழப்பக் கூடாது. கடத்தலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ரசீதோடு வந்த சரக்குக்குத்தான் பேசுகிறேன்.

கடைசியாக ஒன்று. முத்திரையைக் காப்பாற்ற அவ்வளவு பாடுபட்ட சாம்சங், 2017-இல் தன் பிரிண்டர் தொழிலையே எச்பி கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டது. அது அவர்கள் வியாபாரம், குற்றம் சொல்லவில்லை. கம்பெனிகள் வரும், போகும், கைமாறும். தாலுகா ஆபீஸ் ரோட்டில் காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கி, மலையிலிருந்து வரும் முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாமாதான்.

மேலே சொன்ன தீர்ப்பின் சுருக்கத்தைத் தமிழில் ஒரு பக்கம் டைப் செய்து மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டேய், இதுல ரெண்டு காப்பி போடு. ஒண்ணு இங்க ஒட்டலாம். இன்னொண்ண அடுத்த தடவை மெட்ராஸ் போறப்ப அந்த டோனர் கடைக்காரன் கையில குடுக்கணும்" என்றார்.

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்லை, வணிகவியல் மாணவன். சட்டக் கல்லூரி மக்கள் தப்பிருந்தால் பின்னூட்டத்தில் வந்து கும்முங்கள், திருத்திக்கொள்கிறேன்.

டிஸ்கி 2: செமினார் நண்பனுக்கு, அடுத்த தடவை நீ ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க எங்கே போவாய் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக்கு ரெண்டு ரூபாய். அந்த டோனரில்தான் :-)